முதலில் எந்தக் கதை?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுகதையில் நோக்குநிலையையும் (கதை யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது என்பது) முரண்நகையையும் (சொல்வது அல்லது எதிர்பார்ப்பது ஒன்று, உண்மை வேறு என்ற முரண்) சொல்லிக்கொடுக்க வேண்டும். கையில் இருப்பது நான்கு பாடவேளை. எந்தக் கதையை எடுப்பது? பக்கத்து ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியை ஒருவர் சென்ற மாதம் போனில் இதைக் கேட்டார். பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதினால் இதே கேள்வியோடு இருக்கிற மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

நாங்கள் பேசிய கதைகள் நான்கு. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’, கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, அதே அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. கதைகளின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. இன்னும் படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வந்துவிடுங்கள், இந்தக் கட்டுரை காத்திருக்கும்.

கதைக்குப் போகும் முன் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதல் தடுக்கல் ‘முரண்நகை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘நகை’ என்று வருவதால் சிரிப்பைத் தேடுகிறார்கள். கதையில் யாராவது யாரையாவது கிண்டல் செய்தால் அதைக் கோடிட்டு, இதுதான் முரண்நகை என்கிறார்கள். இரண்டாவது, எழுதியவரையும் கதைசொல்லியையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்வது. ‘நான்’ என்று கதை தொடங்கினால் அந்த ‘நான்’ அட்டையில் பெயர் போட்டிருக்கிறவர்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மூன்றாவது, எதைப் படித்தாலும் கடைசியில் ஒரு நீதியை எடுத்து வைப்பது. இது பிள்ளைகளின் குற்றம் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து ‘இக்கதை உணர்த்தும் கருத்து யாது?’ என்று நாம்தான் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

இந்த மூன்றில் எதை எந்தக் கதை உடைக்கிறது என்பதுதான் என் அளவுகோல். இலக்கியத் தரத்தில் நான்கையும் வரிசைப்படுத்த நான் முயலவில்லை. அது வேறு வேலை.

‘பொன்னகர’த்தை எடுத்துக்கொள்வோம். 1934இல் மணிக்கொடி இதழில் வந்தது. சில பக்கங்கள்தான், ஒரே பாடவேளையில் வாய்விட்டுப் படித்து முடித்துவிட்டுப் பேசவும் நேரம் மிஞ்சும். மில் வேலை செய்யும் அம்மாளு, ஜட்கா ஓட்டும் புருஷன் முருகேசன். அவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான், கையில் காசு இல்லை. இருட்டுச் சந்தில் அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்துவருகிறாள். ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!’ என்று கதைசொல்லி நம் முகத்துக்கு நேரே சொல்லி முடிக்கிறார். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.

இதனால்தான் பலரும் முதலில் இந்தக் கதையை எடுக்கிறார்கள். நானும் பல வருடம் இதைத்தான் எடுத்தேன். ஆனால் ஒரு சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதில் முரணைக் கண்டுபிடிக்கிற வேலை பிள்ளைகளுக்கு இல்லவே இல்லை. தலைப்பிலேயே அது இருக்கிறது. கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும், அவருக்குக் கோபம், அந்தக் கோபத்தை அவரே நம் கையில் கொடுத்துவிடுகிறார். அம்மாளு என்ன நினைத்தாள் என்பதைவிட அவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் நம் காதில் ஓங்கி ஒலிக்கிறது. வஞ்சப்புகழ்ச்சி அணியைப் படித்துவிட்டு வந்த பிள்ளை, ‘குப்பத்தைப் பொன்னகரம் என்கிறார், இது வஞ்சப்புகழ்ச்சி’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடும். அது தப்பும் இல்லை. அப்புறம் வகுப்பு முழுவதும் அம்மாளு செய்தது சரியா தவறா என்று விவாதம் நடக்கும். நல்ல விவாதம்தான், நடக்க வேண்டியதுதான். ஆனால் கதையைச் சொல்வது யார் என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் எடுக்கமாட்டார்கள்.

‘பொன்னகர’த்தில் நோக்குநிலைக்கு உதவும் ஒரு கேள்வி உண்டு. அந்த ‘ஐயா’ யார்? கதைசொல்லி யாரைப் பார்த்துப் பேசுகிறார்? அந்த ‘ஐயா’வின் இடத்தில் வாசகரே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் வகுப்பு மேலே ஏறிவிடும். கதைசொல்லியைத் தனி ஆளாகப் பார்க்க ஏற்கெனவே பழகிய பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கேள்வி பலிக்கிறது. அதனால் இதை இரண்டாவது கதையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

‘விடியுமா?’ வேறு மாதிரி. கும்பகோணத்துக்குத் தந்தி வருகிறது. அக்காவின் கணவர் சென்னையில் ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையில் இருக்கிறார். தம்பியும் அக்காவும் ராத்திரி ரயிலில் புறப்படுகிறார்கள். கதை முழுக்க அந்தப் பயணம்தான். சொல்பவன் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் மனசைப் படிக்க முயல்கிறான். விடிந்து போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. முதல் வாசிப்பில் நாமும் தம்பியோடு தவிக்கிறோம். இரண்டாவது வாசிப்பில் அந்த ராத்திரியின் ஒவ்வொரு நம்பிக்கையும் வேறாகத் தெரிகிறது. தலைப்பில் இருக்கிற கேள்விக்குக் கிடைக்கிற பதிலும் நாம் எதிர்பார்த்த பதில் இல்லை. சூழ்நிலை முரண், அதாவது எதிர்பார்த்ததற்கு மாறாக நடப்பது, என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தமிழில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் வகுப்பறையில் இரண்டு இடைஞ்சல். முதலாவது தந்தி. தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. ‘தந்தி வந்திருக்கு’ என்ற ஒரு குரலில் தெருவே கூடிவிடும் என்பது இன்றைய பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பயம் உடம்பில் இல்லாவிட்டால் கதையின் முதல் வரியே வேலை செய்யாது. கால் மணி நேரம் ஒதுக்கி விளக்கலாம், ஆனால் விளக்கிக் கொடுத்த பயம் பயமாக இருக்காது. இரண்டாவது இடைஞ்சலைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு முறை இதை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். போன வருடம்தான் அவளுடைய அப்பா இறந்திருந்தார். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வருடத் தொடக்கத்தில், பிள்ளைகளின் வீட்டு நிலவரம் தெரியாத நேரத்தில், இந்தக் கதையை எடுக்காதீர்கள் என்று அந்த ஆசிரியையிடம் அழுத்திச் சொன்னேன்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டார். பிள்ளைகள் அதை விழுந்து விழுந்து ரசிப்பார்கள். ஆனால் நீளம், முழுக்க உரையாடல், 1940களின் சென்னை. அதோடு, முரண்நகை என்றால் கிண்டல் என்ற எண்ணத்தை அது இன்னும் உறுதிப்படுத்திவிடும். வருடக் கடைசியில் சந்தோஷமாகப் படிக்க வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அழகிரிசாமிக்கு வருகிறேன்.

‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் செல்லையா, தம்பையா, மங்கம்மாள். பணக்கார வீட்டுப் பையன் ராமசாமி. பாடப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திறந்து, என் புத்தகத்தில் இந்தப் படம், உன்னுடையதில் என்ன என்று போட்டி போடுகிறார்கள். தீபாவளி வருகிறது. துணியில்லாத ஓர் அநாதைப் பையன் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. அம்மா தாயம்மாள் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, இருக்கிற துணியில் அவனுக்கும் கொடுக்கிறாள். ராமசாமி வீட்டுக்கோ அவனுடைய அக்காவைக் கட்டிய ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறார், அவரை ராஜா என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று அவன் பெருமையாகச் சொல்ல, மங்கம்மாள் பதிலுக்கு எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள்.

முரண்நகை வேறு, கிண்டல் வேறு என்று காட்ட மங்கம்மாளின் இந்த ஒரு வாக்கியம் போதும். அவள் யாரையும் குத்திக்காட்டவில்லை. புத்தகப் போட்டியில் செய்ததையே இங்கேயும் செய்கிறாள், உன்னிடம் இருப்பது என்னிடமும் இருக்கிறது என்கிறாள். அவளுக்கு அது நேரான உண்மை. முரண் அவள் வாயில் இல்லை, அதைக் கேட்கிற நம் காதில் இருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் பதினொன்றாம் வகுப்புக்கும் இதையே வைக்கலாமே? வைக்கலாம். எனக்கு இருக்கிற தயக்கம் ஒன்றுதான், இந்தக் கதை நீதிக்கு எளிதாக இடம் கொடுத்துவிடுகிறது. ‘ஏழைகளிடம்தான் ஈரம் இருக்கிறது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கதையைச் சொல்கிற குரலும் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. ‘நான்’ என்று ஒருவர் இல்லை. கதை யார் கண் வழியாக வருகிறது என்று கேட்டால், குழந்தைகள் பக்கத்திலிருந்து, அப்புறம் கொஞ்ச நேரம் அம்மாவின் பக்கத்திலிருந்து என்று நுட்பமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போதுதான் நோக்குநிலை என்ற சொல்லைக் கேள்விப்படுகிற பிள்ளைக்கு அது பிடிபடுவது சிரமம்.

என் தேர்வு ‘அன்பளிப்பு’. 1970இல் அழகிரிசாமிக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த தொகுப்பின் பெயரும் இதுதான். அந்த வருடமே அவர் இறந்துபோனார்.

கதையைச் சொல்பவர் சென்னையில் பத்திரிகை வேலையில் இருக்கிற ஒருவர். சுற்றுவட்டாரக் குழந்தைகள் எல்லோருக்கும் அவர் நண்பர். அவர் வீட்டுப் புத்தகங்களை அள்ளிப் போட்டு விளையாடுகிற அளவுக்கு உரிமை. அவருக்கும் அவர்கள் மேல் உண்மையான பிரியம். பிருந்தாவுக்கும் சுந்தரராஜனுக்கும் டைரி வாங்கித் தருகிறார். சாரங்கராஜன் என்ற பையனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். அவனுக்கு இல்லை. ஒரு நாள் சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். போகிறார். ஒரு டைரியை எடுத்து நீட்டி, எழுதித் தாருங்கள் என்கிறான். என்ன எழுத என்று கேட்டால், பிரியமுள்ள சாரங்கராஜனுக்கு அன்பளிப்பு என்று எழுதும்படி அவனே சொல்லித்தருகிறான்.

இந்தக் கதையை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், நோக்குநிலையும் முரண்நகையும் இதில் இரண்டு பாடம் இல்லை. ஒருவர் கதை சொல்கிறார். தான் பார்த்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் தான் சொன்னதன் பொருள் அவருக்கே தெரியவில்லை. அவர் கண்ணால் பார்த்துக்கொண்டே அவர் பார்க்காததை நாம் பார்க்கிறோம். அந்த இடைவெளியில்தான் முரண் பிறக்கிறது. பாடத்திட்டம் இவற்றை இரண்டு தலைப்பாகப் பிரித்துப்போட்டிருப்பதால் நாமும் பிரித்தே நடத்துகிறோம், பிள்ளைகளும் இரண்டு வரையறையை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள்.

நான் நடத்துகிற முறையைச் சொல்கிறேன். கதை நீளமானது, அதுதான் இதன் பெரிய குறை. முன்பாதியை வீட்டில் படித்துவரச் சொல்லிவிடுவேன். சாரங்கன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நிறுத்தி, ‘இந்த மனிதர் எப்படிப்பட்டவர்?’ என்று இரண்டு வரி எழுதச் சொல்வேன். பெரும்பாலும் எல்லோரும் ‘நல்லவர், குழந்தைகளை நேசிப்பவர்’ என்றே எழுதுவார்கள். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு கடைசிப் பகுதியை நானே படிப்பேன். முடித்ததும் எதுவும் பேசமாட்டேன். பென்சிலை எடுங்கள், கதையின் தொடக்கத்துக்குப் போங்கள், சாரங்கன் பெயர் வருகிற ஒவ்வொரு இடத்திலும் கோடு போடுங்கள் என்பேன். அந்த இடத்தில் கதைசொல்லி அவனுக்காக எத்தனை வரி செலவழிக்கிறார், மற்ற குழந்தைகளுக்கு எத்தனை வரி?

எண்ணத் தொடங்கியதும் வகுப்பில் ஒரு முனகல் கிளம்பும். ‘சார், இங்கேயே இருந்திருக்கான் சார்.’ ஆமாம், அங்கேயேதான் இருந்தான். கதைசொல்லியோடு சேர்ந்து நாமும் அவனைக் கடந்து போயிருக்கிறோம். ‘நல்லவர்’ என்று எழுதின தாள் என் மேஜையில் கிடக்கிறது. பிள்ளைகள் உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்து அவரைத் திட்ட ஆரம்பிப்பார்கள். அங்கேதான் ஆசிரியர் நிதானமாக இருக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அவர் பிரியம் பொய்யும் இல்லை. நல்ல மனசு உள்ள ஒருவருக்கே இது கண்ணில் படாமல் போனது என்பதால்தான் அந்தக் கடைசி வாக்கியம் நெஞ்சை அறுக்கிறது. அவர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் அது அநியாயத்தைச் சொல்லும் கதையாகியிருக்கும், அவ்வளவுதான்.

எழுதியவரும் கதைசொல்லியும் ஒருவரா என்ற குழப்பமும் இந்தக் கதையில் நன்றாகக் கிளம்பும். அழகிரிசாமியும் சென்னையில் சக்தி, நவசக்தி போன்ற இதழ்களில் வேலை பார்த்தவர். ‘அப்ப இது அவர் கதைதானே சார்?’ என்று யாராவது கேட்பார்கள். இருக்கட்டும் என்பேன். கதைசொல்லிக்குத் தெரியாதது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதா இல்லையா? தெரியாமல் இந்த வரிகளை இந்த இடத்தில் வைத்திருக்க முடியுமா? அப்படியானால் இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தத் தர்க்கத்தைப் பிள்ளைகளே பேசி முடிப்பார்கள். பலகையில் வரையறை எழுத வேண்டியதே இல்லை.

மாற்றி எழுதும் பயிற்சியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. எல்லோரும் கொடுப்பது ‘சாரங்கன் சொல்வதாக இந்தக் கதையை எழுது’ என்பது. பிள்ளைகள் உருக்கமாக எழுதுவார்கள், நமக்கும் கண் கலங்கும். ஆனால் படித்துப் பார்த்தால் அதில் முரண்நகை இருக்காது. தனக்கு என்ன நடந்தது என்று சாரங்கனுக்கு முதலிலிருந்தே தெரியும். அவன் சொன்னால் கதை முறையீடாகிவிடுகிறது. நான் இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்பேன். டைரி கிடைத்த பிருந்தா சொல்வதாக எழுதுங்கள். அவள் கதையில் சாரங்கன் ஒரு வரியில் வந்து போய்விடுவான், அல்லது வரவே மாட்டான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவிடுங்கள். ஒன்றில் எல்லாம் தெரிந்த குரல், மற்றதில் எதுவும் தெரியாத குரல். அழகிரிசாமி ஏன் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காத மூன்றாவது ஆளைப் பிடித்தார் என்று கேட்டால், பதினாறு வயதுப் பிள்ளைகள் சொல்கிற பதிலில் நான் சில வருடம் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எப்படித் தொடங்குவது என்பதிலும் இரண்டு வழி. தன்மை நோக்குநிலை, படர்க்கை நோக்குநிலை, எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று பலகையில் எழுதித் தொடங்குவது ஒன்று. எனக்கு அது பிடிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இது புதுப் பொருள் இல்லை என்பதை அது மறைத்துவிடுகிறது. குறுந்தொகைப் பாட்டுக்கு மேலே ‘தலைவி கூற்று’ என்று போட்டிருப்பதை அவர்கள் எத்தனை தரம் பார்த்திருக்கிறார்கள்! யார் கூற்று, யாரிடம் கூற்று என்று கேட்டுத்தான் நாம் அகப்பாடலையே படிக்கிறோம். கபிலரின் ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ பாட்டை முதல் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவிக்குத் தெரிந்தது அந்தக் கள்வனுக்கும், அதாவது தலைவனுக்கும், தெரியும். கூட இருந்த ஒரே சாட்சி குருகு, அதுவும் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதே நிகழ்ச்சியைத் தோழி சொன்னால் என்ன மாறும்? பிள்ளைகள் உடனே பேசுவார்கள். நேரம் இருந்தால் புறநானூற்றில் ஔவை தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துச் சொன்ன ‘இவ்வே பீலி அணிந்து மாலை சூட்டி’ பாட்டையும் சேர்க்கலாம். உன் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். ஔவைக்குத் தான் என்ன சொல்கிறாள் என்று நன்றாகத் தெரியும். மங்கம்மாளுக்கும் அந்தப் பத்திரிகைக்காரருக்கும் தெரியாது. முரணின் இரண்டு வகையும் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

சரி, நான்கு பாடவேளை இல்லை, ஒன்றே ஒன்றுதான் என்றால்? அப்போது தயங்காமல் ‘பொன்னகரம்’. ‘ஐயா யார்?’ என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லூரி முதலாண்டு என்றால், பிள்ளைகளை ஓரளவு தெரிந்துகொண்டபின் ‘விடியுமா?’வை அதன் இரண்டாம் வாசிப்புக்காகவே எடுக்கலாம்.

தேர்வுக் கேள்வியையும் மாற்றாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். ‘முரண்நகை என்றால் என்ன? சான்று தருக’ என்று கேட்டால் நோட்ஸில் இருப்பதுதான் திரும்பி வரும். ‘கதைசொல்லி கவனிக்காத, நீ கவனித்த ஒன்றை எழுது. எந்த வரியில் கவனித்தாய்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் அந்த ஆசிரியை ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத்தான் முதலில் எடுத்தார். அவர் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கதைப் புத்தகமே பார்க்காதவர்கள், நீளமான கதையை வீட்டில் படித்துவரச் சொல்ல முடியாது என்றார். அது சரியான காரணம், என்னிடம் மறுப்பு இல்லை. போன வாரம் மறுபடி பேசினார். மங்கம்மாளுக்குத் தான் சொன்னது என்னவென்று தெரியுமா தெரியாதா என்று மணி அடித்த பிறகும் சண்டை நடந்ததாம். பொங்கல் லீவு முடிந்ததும் ‘அன்பளிப்பு’ எடுக்கப்போகிறார். புத்தகம் இல்லை என்றதால் என்னுடையதையே கொடுத்தனுப்பினேன். இத்தனை வருடம் சாரங்கன் பெயருக்குக் கீழே நான் போட்டிருந்த பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாக அழிக்கத்தான் ஒரு சாயங்காலம் ஆயிற்று.